கேக்கில் என்ன போடுவீங்க என்று கேட்டாள்

நாங்கள் சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்குக் குடிபோன வருஷம் அங்கே வீடுகளைவிட வெறும் மனைகள்தான் அதிகம். எல்லைக்கல் நட்டிருக்கும், நடுவில் எருக்கஞ்செடி மண்டிக் கிடக்கும். ஒரே கட்டடத்தை இரண்டாகத் தடுத்ததில் ஒரு பாதி எங்கள் வீடு. முன்வாசல் தனித்தனி. பின்பக்கம் கிணறும் துவைக்கிற கல்லும் ஒரு முருங்கை மரமும் இரண்டு குடித்தனத்துக்கும் பொது. எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. கணவருக்கு மின்சார ஆபீஸில் குமாஸ்தா வேலை.

அந்த வீடு கிடைத்ததே பெரிய காரியம். அதற்கு முன்னால் நாலைந்து இடத்தில் கேட்டிருந்தோம். வீட்டைத் திறந்து காட்டுவார்கள், வாடகை சொல்லுவார்கள், பிறகு என் கழுத்தில் கிடக்கும் சிலுவையைப் பார்த்துவிட்டு, "நாங்க சைவமுங்க, உங்களுக்குச் சரிப்பட்டு வராதுங்க" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்லுவார்கள். இந்த வீட்டுக்காரர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததாலேயே எனக்குப் பயம். கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பேன். புகை தாங்காமல் கண்ணில் நீர் வழியும்.

பக்கத்துப் பகுதியில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவர் நூல் வியாபாரத்தில் இருந்தார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். விடிந்ததும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஒரு மணி நேரம் பூசை செய்த பிறகுதான் வாயில் காப்பி படும். அந்த வீட்டின் மருமகள்தான் என் சிநேகிதி. என்னைவிட ஒரு வயது சின்னவள்.

நாங்கள் சாமான் இறக்கிய அன்றைக்கே ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "வெயில்ல அலைஞ்சிருப்பீங்க, குடிங்க அக்கா" என்றாள். அன்றையிலிருந்து நான் அவளுக்கு அக்கா. தீபாவளிக்கு ஒரு தட்டு நிறையக் கச்சாயமும் ஒப்புட்டும் வந்தன. கச்சாயம் என்பது அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப்பாகில் பிசைந்து எண்ணெயில் சுடுவது. சேலம் டவுனில் பிறந்து வளர்ந்த நான் அதை அதற்குமுன் தின்றதில்லை. ஒப்புட்டைப் போளி என்று சொன்னதற்கு அவள் சிரித்தாள். சந்தகை, அதாவது சேவை, பிழிந்த நாட்களில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி ஒரு கிண்ணம் எனக்கு வரும். நான் பதிலுக்கு ரவா லட்டு, தேங்காய் பர்பி என்று ஏதாவது கொடுப்பேன். அவள் வாங்கிக்கொள்வாள், அங்கேயே ஒரு வாய் போட்டும் பார்ப்பாள். நாலு வீட்டுக் கதவு சாத்தப்பட்ட எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் முதல் கிறிஸ்துமஸ் வந்தது. என் பெரியம்மா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் சமையல் வேலை பார்த்தவள். துரைசானியிடம் கேக் செய்யக் கற்றுக்கொண்டு எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். கேக் வேகவைக்கிற அடுப்புப்பெட்டி எதுவும் தேவையில்லை. அகலமான இரும்புச் சட்டியில் சலித்த ஆற்று மணலைப் பரப்பிச் சூடாக்க வேண்டும். மாவு ஊற்றிய அலுமினியப் பாத்திரத்தை மணலில் பாதி புதைத்து, மேலே ஒரு இரும்புத் தட்டைப் போட்டு, அதன்மேல் தணலை அள்ளி வைக்க வேண்டும். கீழிருந்து மணல் வேகவைக்கும், மேலிருந்து தணல் சிவக்க வைக்கும். முக்கால் மணி நேரம் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. அவ்வளவுதான் வித்தை.

பக்கத்து வீட்டுக்கு என்ன கொடுப்பது என்று நானும் கணவரும் முன்பே பேசிவைத்திருந்தோம். மைதாவைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து, சிறு சிறு சுருளாக எண்ணெயில் சுட்ட கல்கல், ஒரு சீப்புப் பூவன்பழம். கேக் கூடாது, அதில் முட்டை இருக்கிறது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அவள் அப்போது மூன்று மாதம். மசக்கை அவளை உருட்டிப் போட்டிருந்தது. மூன்று வாரமாகச் சோறு வயிற்றில் தங்கவில்லை. கிணற்றடியில் ஓங்கரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். முகம் சுண்டி, கையில் வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கும்.

கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் பகலில் நான் கேக்கைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பின்கதவில் வந்து நின்றாள். வெண்ணெயும் ஜாதிக்காயும் வெந்த மணம் வீடு முழுக்க நிரம்பியிருந்தது.

"ஏனுங்க அக்கா, இதென்னுங்க இப்படி மணக்குது?"

"கேக்கு. பண்டிகைக்குச் செய்யறது."

அவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் பசி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"இதுல என்னென்னங்க போடுவீங்க?"

நான் சொன்னேன். "மைதா, கொஞ்சம் ரவை, வெண்ணெய், சர்க்கரை, திராட்சை, முந்திரி, ஏலக்காய், ஜாதிக்காய்." அத்தோடு நிறுத்தினேன். அடுத்த சாமான் நாக்கு நுனியில் இருந்தது. அவள் காத்திருக்கக்கூட இல்லை, நான் சொன்னதை முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஒரு துண்டு குடுங்க" என்றாள்.

அதுவரை அவள் எதையும் கேட்டு வாங்கியதில்லை. நான் வெட்டிக் கொடுத்தேன். நின்றபடியே தின்றாள். இன்னொரு துண்டும் தின்றாள். சற்று நேரம் வயிற்றில் கைவைத்துக்கொண்டு நின்று, வாந்தி வரவில்லை என்று தெரிந்ததும் சிரித்தாள். "தங்கிக்கிச்சுங்க அக்கா" என்றாள். பிறகு, "மாமாவுக்கும் ஒரு துண்டு குடுங்க. இனிப்புன்னா நெம்பப் பிரியமுங்க" என்று மாமனாருக்கும் வாங்கிக்கொண்டு போனாள்.

அவளைத் தடுக்க எனக்கு அப்போது ஒரு நொடி இருந்தது. அந்த நொடியைப் பற்றி இத்தனை வருஷம் கழித்தும் யோசித்திருக்கிறேன். பிள்ளைத்தாச்சி, மூன்று வாரமாகப் பட்டினி, தின்றது தங்குகிறது, அதனால் சொல்லவில்லை என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அவள் மாமனாருக்கு மசக்கை இல்லையே. முட்டை என்ற சொல்லைச் சொன்னால் அவள் ஒரு அடி பின்வாங்குவாள், பிறகு என் வீட்டு லட்டையும் பர்பியையும்கூட யோசித்து வாங்குவாள் என்ற பயம்தான் என் வாயை அடைத்தது.

அன்று மாலை கிணற்றடியில் வாத்தியார் என்னைப் பார்த்துச் சொன்னார். "அம்மிணி, வெள்ளைக்காரன் பண்டமா இருந்தாலும் உங்க கேக்கு சுத்தமா இருக்குதுங்க. வாயில போட்டாக் கரையுது."

நான் தலையை ஆட்டிவிட்டு வாளியோடு உள்ளே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து முட்டை ஓடு எனக்குப் பெரிய பிரச்சினையாகிவிட்டது. அதுவரை முருங்கை மரத்தடியில் புதைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கோழி கிளறிவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கணவரின் ஆபீஸ் பையில் வைத்து அனுப்பினேன். அவர் ஆபீஸ் போகும் வழியில் எங்காவது போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் மறந்துபோய் ஓட்டோடு திரும்பி வந்தார். "உண்மையைச் சொல்றது இதைவிடச் சுலபம்" என்றார். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து அவள் வந்து சொன்னாள், "எங்க அண்ணன் என்னைப் பாக்க வாராருங்க. அந்தக் கேக்கை நானே செஞ்சு குடுக்கோணும். சொல்லித்தாங்க அக்கா." அவள் சமையலறையிலேயே, அவள் பாத்திரத்திலேயே செய்ய வேண்டுமாம். நான் மணல் சலித்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், முட்டையைத் தவிர. வெண்ணெயையும் சர்க்கரையையும் அவள் கை வலிக்கக் குழைத்தாள். மாவைக் கலந்தாள். முக்கால் மணி நேரம் சட்டி முன்னால் நெற்றி வியர்க்க உட்கார்ந்திருந்தாள். என்ன ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கவிழ்த்தபோது 'டொக்' என்று விழுந்தது. கத்தி இறங்கவில்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வர்றது எனக்கு வரலீங்க. என் கை அப்படி" என்றாள்.

அவளை ஏமாற்றியதைவிட, அவள் தன் கையை நொந்துகொண்டதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் வேறு வழியில் போனேன். முட்டையில்லாமல் ஒரு கேக் செய்யக் கண்டுபிடித்துவிட்டால், நான் சொன்ன பொய் உண்மையாகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். வாழைப்பழத்தை மசித்துப் போட்டேன், களியாக வந்தது. பாலைச் சுண்டக் காய்ச்சிப் போட்டேன், அடி தீய்ந்தது. ஆப்பசோடாவை அதிகமாகப் போட்டதில் சோப்பு மாதிரி கசந்தது. தோற்றதையெல்லாம் என் கணவர் குறை சொல்லாமல் தின்றார், அந்தச் சோப்பு ஒன்றைத் தவிர.

கடைசியில் வந்தது மிகச் சாதாரணமான ஒன்று. ஒரு பங்கு ரவையை ஒரு பங்கு புளிக்காத தயிரில் இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு சர்க்கரை, உருக்கிய நெய், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஏலக்காய், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. மணலில் வைத்து எடுத்தால் பூப்போல வந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், கை வலிக்கக் குழைக்கவேண்டியதில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவையே அவளுக்கு நன்றாக வந்தது. அண்ணன் வந்தபோது செய்து கொடுத்தாள். அவர் ஊருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் துவைக்கிற கல்லருகே நின்று சொன்னாள். "நல்லாத்தான் இருக்குதுங்க அக்கா. ஆனா அன்னைக்கு உங்க ஊட்டுல தின்னது இது இல்லீங்களே. அது வேற."

"அது பண்டிகைக்குச் செய்யறது" என்றேன். அது பதிலே இல்லை.

தவக்காலத்தில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோவிலுக்குப் போனபோது சாமியாரிடம் இதைச் சொன்னேன். அதற்குப் பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தைப் பத்து தடவை சொல்லச் சொன்னார். கோவிலிலேயே முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே அது எனக்குப் போதாது என்று தெரிந்துவிட்டது.

ஏழாம் மாதம் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆனி மாதம் பெண் குழந்தை. ஆவணி முடியும்போது குழந்தையோடு திரும்பி வந்தாள். உடம்பு தேறி, கன்னம் நிறைந்து, நன்றாக இருந்தாள். பிரசவத்துக்கு முன்னால் சொல்லி அவள் மனசைக் கெடுக்கக்கூடாது என்று இத்தனை மாதம் ஒரு சாக்கு இருந்தது. இனி அதுவும் இல்லை.

ஒரு மத்தியானம் அவள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டு நீவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "கிறிஸ்துமஸுக்கு நீ தின்ன கேக்குல முட்டை போட்டிருந்தேன். நீ கேட்டப்ப நான் மறைச்சுட்டேன்."

அவள் கை நின்றது. குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. "எத்தனைங்க?" என்றாள்.

"நாலு."

"மாமாவும் தின்னாருங்களே" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க குடிவந்த புதுசுல மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாருங்க. அவங்க ஊட்டுல எதைக் குடுத்தாலும் வாங்கிக்க, மொகத்தைச் சுளிச்சு அவங்க மனசு நோக வெக்காதே, ஆனா என்ன போட்டதுன்னு கேட்டுட்டுத் தின்னு, அந்தம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னாரு. அதனாலதானுங்க கேட்டேன்."

எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"பசி அப்படி இருந்துச்சு. நீங்க முட்டைன்னு சொல்லியிருந்தாலும் நான் தின்னிருப்பனோ என்னமோ, தெரீலீங்க. தின்னிருந்தா அது என் பாடு. வேண்டாம்னிருந்தா அதுவும் என் பாடு. இப்ப ரெண்டும் இல்லாமப் போச்சுங்களே."

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கோபமாகக் கதவைச் சாத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கதவு திறந்தேதான் கிடந்தது.

அதற்குப் பிறகு ஐந்தாறு வாரம் எங்களுக்குள் போக்குவரத்து இல்லை. கிணற்றடியில் பார்த்தால், "தண்ணி எடுத்துக்குங்க" என்பாள். அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. எண்ணெய்ச் சட்டியின் மணம் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. கச்சாயம் சுடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் அவளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நீங்க சொல்லி உங்க பாரத்தை எறக்கி வெச்சுட்டீங்க. இப்ப அது என் தலைமேல உக்காந்திருக்குதுங்க. மாமா நேத்து கேக்கறாரு, அந்தம்மா இந்த வருஷம் கேக்கு செய்வாங்களான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்? தெரியாதுன்னேன். அவருகிட்ட இதுவரைக்கும் நான் பொய் சொன்னதில்லீங்க."

"நான் வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. குடுத்தது என் கை. நான்தான் சொல்லோணும்."

அன்று மாலையே சொல்லிவிட்டாள். வாத்தியார் முழுதும் கேட்டுக்கொண்டாராம். எழுந்து போய்க் கிணற்றடியில் குளித்தார். வாளி வாளியாகத் தண்ணீர் விழும் சத்தம் என் சமையலறையில் கேட்டது. பிறகு பூசை அறையில் உட்கார்ந்தார். மறுநாள் பொழுதுக்கும் அவர் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவள் பிறகு சொன்னாள்.

அதற்கும் அடுத்த நாள் காலையில் அவர் வாசலில் நிற்கும்போது நான் போய், "மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"நாங்க தெரியாமத் தின்னோமுங்க. அதனால எங்களுக்கு ஒண்ணும் வராது. நீங்க தெரிஞ்சு குடுத்தீங்க. உங்களுக்குத்தான் மனசுக்குச் சிரமம்." அவ்வளவு சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகும் அவர் என்னை அம்மிணி என்றுதான் கூப்பிட்டார். என் கணவரோடு நின்று செய்தித்தாள் சமாசாரம் பேசுவார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் வாங்கிக் குடிக்கவில்லை.

இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு நான் கேக் செய்யவில்லை. மனம் வரவில்லை. வெறும் கல்கல் மட்டும் சுட்டு டப்பாவில் போட்டு வைத்தேன். முதல்நாள் மத்தியானம் இடுப்பில் குழந்தையோடு அவள் பின்கதவில் வந்து நின்றாள்.

"என்னுங்க அக்கா, இந்த வருஷம் மணத்தையே காணோம்?"

"செய்யல."

"ஏன்?"

நான் கல்கல் டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன்.

"உங்க பண்டிகைக்கு நீங்க செய்யறதை நாங்களா வேண்டாம்னோம்? செய்யுங்க. எனக்குக் குடுக்காதீங்க, அவ்வளவுதானுங்க."

நான் அடுப்பை மூட்டினேன். அவள் உள்ளே வந்து அரிசி டப்பா மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் முட்டையை எடுத்து அவள் பார்க்கவே உடைத்தேன். முதல் தடவையாக அந்த வீட்டில் மறைக்காமல் உடைத்த முட்டை. அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. முள்கரண்டியால் அடிக்க அடிக்க அது நுரைத்து ஏறுவதைக் குழந்தையும் அவளும் வேடிக்கை பார்த்தார்கள். "இதுதான் அந்த மெத்துமெத்துன்னு வர்றதுக்குக் காரணமா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். "அதான் என்னுது கல்லாட்டம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான். கேக் வெந்து முடியும்வரை இருந்தாள். நான் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்கல் ஒரு கை அள்ளிக்கொண்டு, "தேங்காப்பால்தானுங்களே?" என்றாள். "தேங்காய்ப்பால், மைதா, சர்க்கரை, உப்பு. கடலை எண்ணெயில் சுட்டது" என்று விடாமல் சொன்னேன்.

அப்படித்தான் அது ஒரு வழக்கமாக வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் எனக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள், எங்கள் தெருவில் வீடுகள் நிறைந்தன. எதிர்வீட்டில் வாழப்பாடியிலிருந்து ஒரு பெண் குடிவந்தாள், அவள் கணவர் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை மத்தியானங்களில் மூன்று பேரும் குழந்தைகளோடு முருங்கை மரத்தடியில் உட்காருவோம். ஆளுக்கொரு வாரம் ஒரு இனிப்பு. பெரிய பலகாரம் எதுவும் கிடையாது. ஊறவைத்த அவலில் வெல்லமும் வாழைப்பழமும் பிசைந்தது, பொட்டுக்கடலை மாவும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை, துருவிய மரவள்ளிக்கிழங்கில் பாயசம், வறுத்த வேர்க்கடலையை வெல்லப்பாகில் புரட்டியது. அடுப்பில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதவைதான் எல்லாம். செய்தவள் தட்டைக் கீழே வைத்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால், என்ன போட்டது என்று முழுதாகச் சொல்லிவிட வேண்டும். நான்தான் அதை ஆரம்பித்தேன். வாழப்பாடிக்காரிக்குக் காரணம் தெரியாது. "என்னாத்துக்கு இப்படி மருந்துக்கடை மாதிரி ஒப்பிக்கறீங்க" என்று கேலி செய்வாள். பிறகு அவளும் ஒப்பிக்கப் பழகிக்கொண்டாள். என் சிநேகிதி என்னைப் பார்க்காமல் அவலைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

அவள் பிறகு எப்போதாவது முட்டை போட்ட கேக்கைத் தின்றாளா என்றால், என் வீட்டில் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தயிர் கேக்கைத்தான் குழந்தைகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இரண்டு வீட்டிலும் செய்தோம். பழைய மாதிரி ஆகிவிட்டோமா என்று கேட்டால், பழைய மாதிரி இல்லை. முன்பு நான் அவளிடம் எப்போதும் ஒரு பயத்தோடு பழகினேன், அவள் பின்வாங்கிவிடுவாளோ என்று. அவள் பின்வாங்கியதையும் பார்த்தாயிற்று, திரும்பி வந்ததையும் பார்த்தாயிற்று. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கதவைத் திறந்துவைத்தே சமைத்தேன். அவள் அன்றைக்குத் தன் கதவைச் சாத்திக்கொள்வாள். அதில் இரண்டு பேருக்கும் வருத்தமில்லை.

எங்கள் மூத்த பையனுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் வயது வந்தபோது சர்க்கரை ரேஷனில் அளந்து கிடைத்த காலம். மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் வீட்டில் உறவுக்காரர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். சிநேகிதி காலையிலேயே வந்து ரவையைத் தயிரில் ஊறவைத்து, இரண்டு சட்டி கேக் வேகவைத்திருந்தாள். வாத்தியார் பையனுக்கு ஒரு பேனாவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல். முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, பையனின் வெள்ளைச் சட்டையைத் தடவிப் பார்த்து, "நல்லாப் படிக்கோணும் சாமி" என்றார்.

நான் எல்லாருக்கும் தட்டைக் காட்டிக்கொண்டு வந்தேன். அவர் வாங்க மாட்டார் என்று தெரியும், ஆனால் ஒருவரை மட்டும் விட்டுத் தாண்டிப் போவதும் சரியில்லை. அவர் முன்னால் நின்றேன்.

"இது தயிர் போட்டதுதானுங்களே, அம்மிணி?"

"ஆமாங்க. ரவை, தயிர், சர்க்கரை, நெய், தேங்காய், ஏலக்காய், ஆப்பசோடா. வேற ஒண்ணும் இல்லீங்க."

அவர் தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. சிநேகிதி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கரண்டி அவள் கையில் இருந்தது. சமையல் செய்தது உங்கள் மருமகள்தான் என்ற சொல் எனக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் உடனே எடுத்திருப்பார். நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"சக்கரை கொஞ்சம் கம்மிங்க" என்றார்.

"ரேஷன்ல இவ்வளவுதான் கெடச்சதுங்க."

"ஆமா, எங்க ஊட்டுலயும் அதே கதைதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார். நான் தட்டைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய், கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றுவிட்டு வந்தேன்.